கற்பாறை மாவட்டமும் நில அதிர்வும்

பூமியின் மேலோட்டில் உள்ள பாறை ஓர் எல்லை வரை அழுத்தத்தைத் தாங்குகிறது. அந்த எல்லை கடந்ததும், முன்பே உள்ள ஒரு பிளவின் வழியாகச் சட்டென வழுக்கி நகர்கிறது. அதுவே நிலநடுக்கம். வளைத்துப் பிடித்த மூங்கில் கழி முறிந்தவுடன் இரு துண்டுகளும் விசுக்கென்று நிமிர்ந்துகொள்வது போல, பிளவின் இருபக்கப் பாறைகளும் பல நூறு ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த வளைவைச் சில விநாடிகளில் விட்டுவிடுகின்றன. அந்த ஆற்றலில் ஒரு பகுதி அலைகளாக எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. 1906-ல் சான் பிரான்சிஸ்கோ நகரை அழித்த நிலநடுக்கத்தை ஆராய்ந்த எச்.எஃப். ரீட், பிளவின் இருபுறமும் வேலிகளும் சாலைகளும் பல அடி தூரம் விலகிக் கிடந்ததை அளந்து பார்த்துத்தான் 1910-ல் இந்த விளக்கத்தை முன்வைத்தார். இன்றும் அடிப்படையில் அதுவே நிற்கிறது.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது? பூமியின் மேலோடு பல தட்டுகளாகப் பிரிந்து மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. வீதம் வடக்கு, வடகிழக்காக நகர்ந்து யூரேசியத் தட்டின் மேல் முட்டுகிறது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய இந்த மோதலில்தான் இமயமலை எழுந்தது. மோதும் விளிம்பில் பெரும் நடுக்கங்கள் ஏற்படுவது இயல்பு. ஆனால் முட்டும் விசை விளிம்போடு நின்றுவிடுவதில்லை. தட்டு முழுவதும் ஒரே பாறைப் பலகை என்பதால், தெற்கே குமரி வரை அதன் இறுக்கம் பரவிக் கிடக்கிறது. தமிழகத்தின் தருமபுரி மாவட்ட மண்ணுக்கு அடியில் உள்ள பாறையும் இந்த இறுக்கத்துக்குள்தான் இருக்கிறது.

அந்தப் பாறை மிகப் பழையது. மாவட்டத்தின் பெரும்பகுதி 250 கோடி ஆண்டுகள் வயதுடைய சார்னோக்கைட், நைஸ் வகைப் பாறைகளால் ஆனது. தொப்பூர்க் கணவாயில் சாலைக்காக அறுத்த சுவர்களிலும், தீர்த்தமலையிலும், சித்தேரி, வத்தல்மலை அடிவாரங்களிலும் இவற்றைக் கண்ணால் காணலாம். இப்பாறைகள் ஒரே வார்ப்பாக இல்லை. ஒகேனக்கல் அருகே உள்ள கார்பனடைட் என்னும் அரிய வகைப் பாறை, சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்திலிருந்து விரிசல் வழியே மேலேறி உறைந்தது. முன்பு இதே மாவட்டத்தில் இருந்து இப்போது கிருஷ்ணகிரியில் உள்ள சாமல்பட்டியிலும், திருப்பத்தூர்ப் பக்கம் ஏலகிரி, சேவத்தூரிலும் இதே மாதிரியான பாறைகள் பிற்காலத்தில், 70, 80 கோடி ஆண்டுகளுக்கு முன், மேலே வந்தன. இவையெல்லாம் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஒரு வரிசையில் அமைந்திருப்பது தற்செயல் அன்று. ஆழமான பிளவு ஒன்று அந்த வழியே ஓடுகிறது. பாறை ஒருமுறை பிளந்த இடம் பிறகு எவ்வளவு இறுகினாலும், மீண்டும் அழுத்தம் வரும்போது முதலில் இளகுவது அந்த இடமே. அரூர், பென்னாகரம் பக்கம் கருங்கல்லாக வெட்டி ஏற்றுமதியாகும் டோலரைட் சுவர்களும் இதே போன்ற பழைய விரிசல்களை நிரப்பி உறைந்தவைதான்.

மைசூர்ப் பீடபூமியையும் அதைச் சுற்றிய பகுதிகளையும் ஆராய்ந்த புவியியலாளர் கே.எஸ். வால்தியா, காவிரியும் அதன் கிளையாறுகளும் திரும்பும் இடங்களைப் பழைய பிளவுகளோடு பொருத்திக் காட்டி, அவற்றுள் சில இன்னும் முழுதாக ஓயவில்லை என்று எழுதினார். ஒகேனக்கல்லில் ஆறு குறுகிய பாறைப் பள்ளத்துக்குள் இறங்கித் தெற்கே திரும்பும் நிலத்தோற்றம் இந்தப் பின்னணியில் பார்க்கத்தக்கது.

தென்னிந்தியா அசையாத பழங்கேடயம் என்ற நம்பிக்கை நெடுங்காலம் பாடநூல்களில் இருந்தது. அதை முதலில் உடைத்தது கொய்னா. மகாராஷ்டிரத்தில் 103 மீட்டர் உயர அணை கட்டி 1962-ல் நீர் தேக்கிய சில ஆண்டுகளில், 1967 டிசம்பர் 11 அதிகாலை 6.3 அளவில் நிலம் நடுங்கிச் சுமார் 180 பேர் இறந்தனர். தேங்கிய நீரின் எடையும், பாறை விரிசல்களுக்குள் இறங்கிய நீரழுத்தமும் ஏற்கெனவே இறுகியிருந்த பிளவை வழுக்கச் செய்தன என்பது உலகம் ஏற்றுக்கொண்ட விளக்கம். அணை புதிதாக ஆற்றலை உண்டாக்கவில்லை. காத்திருந்த ஆற்றலுக்கு வழி திறந்துவிட்டது. கொய்னாவில் இன்றும் சிறு அதிர்வுகள் தொடர்கின்றன. அதனால்தான் மத்திய புவி அறிவியல் அமைச்சகம் அங்கே 3 கி.மீ. ஆழத்துக்குத் துளையிட்டு ஆய்வு நடத்துகிறது.

இந்த இடத்தில் தருமபுரிக்காரர்கள் மேட்டூரைப் பற்றிக் கேட்பது நியாயம்தான். அணை சேலம் மாவட்டத்தில் இருந்தாலும் அதன் நீர்ப்பரப்பு பென்னாகரம் வட்டத்தின் எல்லையைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. 93.47 டி.எம்.சி. கொள்ளளவு கொய்னாவுக்கு ஏறத்தாழ இணையானது. ஆனால் ஆழம் வேறு: மேட்டூரின் முழு நீர்மட்டம் 120 அடி மட்டுமே. நீர்த்தேக்கத்தால் தூண்டப்படும் நடுக்கத்தில் கொள்ளளவைவிட ஆழமே பெரிதும் கணக்காகிறது. 1934 முதல் நிரம்பியும் வடிந்தும் வரும் இந்த அணையருகே கொய்னாவில் நேர்ந்தது போன்ற பெருநடுக்கம் நேர்ந்ததில்லை. அணை உடையும் என்ற வதந்தி ஒவ்வொரு சிறு அதிர்வின் போதும் கைபேசிகளில் சுற்றுவதற்கு இந்த வரலாறு இடம் தரவில்லை.

பழங்கேடயம் என்ற அந்த நம்பிக்கைக்கு விழுந்த இரண்டாவது அடி, அதே மகாராஷ்டிரத்தில் லாத்தூர் மாவட்டத்தின் கில்லாரி. 1993 செப்டம்பர் 30, விநாயகர் சிலைகளைக் கரைத்துவிட்டு ஊர் உறங்கிய பின், விடியற்காலை நான்கு மணிக்குச் சற்று முன் 6.2 அளவில் நிலம் அதிர்ந்தது. ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். அருகே கொய்னா போன்ற பெரிய அணை இல்லை; பெயர் பெற்ற பிளவு எதுவும் வரைபடத்தில் இல்லை; அன்றைய நிலநடுக்க மண்டலப் பட்டியலில் மிகக் குறைந்த ஆபத்துள்ள முதல் மண்டலத்தில் இருந்த இடம் அது. நடு தக்காணத்தில் கில்லாரி நடுங்கிய பின், தீபகற்பத்தில் எந்த ஊரையும் நடுங்காத ஊர் என்று சொல்ல யாருக்கும் துணிவில்லை. முதல் மண்டலமே 2002-ல் நீக்கப்பட்டு இரண்டாம் மண்டலத்தோடு சேர்க்கப்பட்டது. அந்தத் திருத்தத்தில் தருமபுரி, சேலம், கோவை, வேலூர், சென்னை ஆகியவை மூன்றாம் மண்டலத்தில் வைக்கப்பட்டன. மிதமான ஆபத்து என்பது அதன் பொருள். கட்டடப் பொறியாளருக்கு இது வெறும் வண்ணப் பூச்சு அன்று. பக்கவாட்டு விசையைக் கணக்கிடும் எண் இந்த மண்டலத்தைப் பொறுத்தே மாறுகிறது.

தமிழகத்தின் மேற்குப் பகுதியில் நினைவில் வைக்க வேண்டிய நடுக்கம் 1900 பிப்ரவரி 8 அதிகாலை கோவை வட்டாரத்தில் ஏற்பட்டது. அளவு சுமார் 6. தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்டது. கோவையிலிருந்து தருமபுரி நேர்க்கோட்டில் 200 கி.மீ.க்கும் குறைவு. கில்லாரியின் அளவுக்குச் சற்றே குறைந்த ஒரு நடுக்கம், 125 ஆண்டுகளுக்கு முன், இவ்வளவு அருகில் நடந்திருக்கிறது என்பதை மாவட்டத்தில் பெரும்பாலோர் அறியார். அண்மைக் காலத்தில் உணரப்பட்டவை சிறியவை. 2018 ஜூலை 22, ஞாயிறு காலை சேலம், தருமபுரி மாவட்டங்களின் சில பகுதிகளில் பாத்திரங்கள் உருள, மக்கள் வீட்டைவிட்டு வெளியே ஓடிவந்தனர், அளவு 3.3. 2021 நவம்பர் 29 வேலூருக்கு மேற்கே 3.6 அளவில் ஓர் அதிர்வு பதிவானது.

இந்த எண்களைப் படிக்கும் முறையையும் இங்கே சொல்லிவிடலாம். அளவு ஒன்று கூடினால் அலையின் வீச்சு பத்து மடங்கும், வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கும் கூடும். ஆகவே 3.3-க்கும் 6.2-க்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கு அன்று. ஆற்றலில் இருபதாயிரம் மடங்குக்கும் மேல். சிறு அதிர்வுகள் வந்து அழுத்தம் வடிந்துவிட்டது, இனிப் பெரியது வராது என்ற ஆறுதல் பேச்சுக்கு இதனால் அடிப்படை இல்லை. அளவு என்பது நடுக்கத்துக்கு ஒன்றே. ஓர் ஊரில் எவ்வளவு அதிர்ந்தது என்ற தீவிரம் ஊருக்கு ஊர் மாறும். செய்திகளில் இன்றும் ரிக்டர் என்றே எழுதுகிறார்கள். ரிக்டர் என்ற அறிவியலாளர் 1935-ல் கலிபோர்னியாவுக்காக வகுத்த அளவையின் இடத்தைப் பெரிய நடுக்கங்களில் வேறு அளவை பிடித்துப் பல பத்தாண்டுகள் ஆகின்றன.

அலைகள் இரண்டு முக்கிய வகையாக வந்து சேர்கின்றன. மேலோட்டுப் பாறையில் விநாடிக்கு ஏறத்தாழ 6 கி.மீ. வேகத்தில் வரும் முதல் அலை, பாறையை முன்னும் பின்னும் நெருக்கித் தள்ளுவது. அடுத்து ஏறத்தாழ 3.5 கி.மீ. வேகத்தில் வருவது பக்கவாட்டில் உலுக்குவது. முதல் குலுக்கலுக்கும் பெரிய உலுக்கலுக்கும் இடையே எத்தனை விநாடி கழிகிறதோ, அதை எட்டால் பெருக்கினால் நடுக்கம் தோன்றிய இடத்தின் தூரம் கி.மீ. கணக்கில் ஏறத்தாழக் கிடைக்கும். நிலநடுக்கமானியில் இவ்விரண்டையும் முதன்முதலில் பிரித்தறிந்தவர்களுள் ஒருவர், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் பணியாற்றி 1897-ன் அசாம் பெருநடுக்கத்தை ஆராய்ந்த ஆர்.டி. ஓல்டாம். அந்த நடுக்கத்துக்குப் பின்தான் 1898 டிசம்பரில் நாட்டின் முதல் நிலநடுக்க ஆய்வகம் கொல்கத்தா அலிப்பூரில் அமைந்தது.

தருமபுரியில் நில அதிர்வு பற்றிய பேச்சை எப்போதும் குழப்புவது வெடி. கல்குவாரிகளிலும் கிணறு ஆழப்படுத்தும் இடங்களிலும் வைக்கும் வெடிகளால் சன்னல் அதிர்வதும் சுவரில் மயிரிழை விரிசல் விடுவதும் பல கிராமங்களில் அன்றாடச் செய்தி. மக்கள் உண்மையான அதிர்வை வெடி என்று தள்ளுவதும், வெடியை நிலநடுக்கம் என்று அஞ்சுவதும் இதனால்தான். கருவிக்கு இந்தக் குழப்பம் இல்லை. வெடி எல்லாத் திசையிலும் வெளிநோக்கியே தள்ளுகிறது. பிளவு வழுக்கும்போது சில திசைகளில் தள்ளலும் சில திசைகளில் இழுப்பும் பதிவாகும். வெடியில் பக்கவாட்டு அலை வலுவற்றது. அதன் ஆழம் தரைமட்டத்தை ஒட்டியே இருக்கும். நல்ல மழைக்குப் பின் பாறை விரிசல்களில் நீர் இறங்கி உண்டாகும் குட்டி அதிர்வுகள் இடிச்சத்தத்தோடு தொடர்ந்து வருவதும் தீபகற்பத்தில் புதிதல்ல. குவாரி வெடிகளின் நாள், நேரம், மருந்தளவு ஆகியவை முறையாகப் பதிவாகி மாவட்ட நிர்வாகத்திடம் இருந்தால், எது எது என்று அன்றே சொல்லிவிடலாம். மக்களின் புகார்களுக்கும் அது நேர்மையான விடையாக இருக்கும்.

விளைவுகளில் இந்த மாவட்டத்துக்குப் பொருந்தாதவற்றைச் சுருக்கமாக விலக்கிவிடலாம். கடற்கரை இல்லாததால் ஆழிப்பேரலை இல்லை. ஈர மணல் கூழாகிக் கட்டடங்கள் புதையும் நிலை, ஆழமான ஆற்றுப்படுகை வண்டல் உள்ள இடங்களுக்கே உரியது. ஆழமற்ற மண், அடியில் உறுதியான பாறை என்ற அமைப்பு தருமபுரியின் பெரிய நன்மை. பாறையில் அதிர்வு பெருகுவதில்லை, இளமண்ணில்தான் பெருகும். 2001-ல் குஜராத்தில் நேர்ந்த புஜ் நடுக்கத்தின் மையத்திலிருந்து 200 கி.மீ.க்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்கு வீடுகள் சரிந்ததற்கு அடிமண்ணும் ஒரு காரணம். ஆகவே இங்கேயும் ஏரி உள்வாயையும் ஓடைத் தாழ்வையும் மண் கொட்டி மேடாக்கி மனை போடும் இடங்கள், பாறை தரும் காப்பைத் தாமாகவே இழக்கின்றன. இன்னொரு பக்கம், பழைய கடினப் பாறை அதிர்வை எளிதில் விழுங்காமல் வெகுதூரம் கடத்தும். தொலைவில் ஏற்படும் நடுக்கம்கூட இங்கே உணரப்படுவது அதனால்தான்.

மலைச்சரிவுகளில் நிலைமை வேறு. தொப்பூர்க் கணவாயிலும், வத்தல்மலை, சித்தேரி மலைப்பாதைகளிலும் தளர்ந்து நிற்கும் உருண்டைப் பாறைகள், மிதமான அதிர்விலும் இறங்கிவிடக்கூடியவை. சேலம் பெங்களூரு நெடுஞ்சாலை அந்தக் கணவாய் வழியேதான் செல்கிறது. அது அடைபட்டால் மீட்பு வண்டிகள் சுற்றிவர வேண்டியிருக்கும். குடிநீரும் அப்படித்தான். நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்த மாவட்டம் இது. 2013-ல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையே தருமபுரியும் கிருஷ்ணகிரியும் நம்பியிருக்கின்றன. நீண்ட குழாய்ப் பாதையில் இணைப்புகள் விலகினால், கட்டடம் இடியாத ஊரிலும் தண்ணீர் நின்றுபோகும்.

இத்தனையும் இரண்டாம் நிலைக் கவலைகள். உயிரிழப்பைத் தீர்மானிப்பது வீடு. புஜ் நடுக்கம் 7.7, வெளிப்பட்ட ஆற்றல் கில்லாரியைப் போல ஏறத்தாழ 180 மடங்கு. குஜராத்தில் இறந்தோர் அரசுக் கணக்குப்படி சுமார் 13,800. கில்லாரியிலோ ஏறத்தாழ 10,000. நடந்த நேரமும் ஆழமும் இதில் சேர்ந்தவைதான். ஆனாலும் இவ்வளவு சிறிய நடுக்கம் இத்தனை பேரைக் கொன்றதற்கு முதற்காரணம் அங்கே சுவர் எழுப்பிய விதம். இரண்டடிக்கும் குறையாத பருமனில், இரண்டு முகமாகக் கல் அடுக்கி, நடுவில் சல்லியும் மண்ணும் நிரப்பிய சுவர்கள். மரச்சட்டத்தின் மேல் கனத்த மண் மெத்தைக் கூரை. இரு முகங்களையும் பிணைக்கும் நீளக் கற்கள் இல்லை. உலுக்கலில் முகங்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தன. கூரை அப்படியே இறங்கியது. அதே ஊர்களில் ஓலைக் குடிசையில் தூங்கியவர்கள் பிழைத்தார்கள்.

தருமபுரியில் கல்லுக்குப் பஞ்சமில்லை. கருங்கல்லை மண்சாந்தில் அடுக்கிய பழைய வீடுகள், மாட்டுத் தொழுவங்கள், சுற்றுச்சுவர்கள் கிராமந்தோறும் உண்டு. கில்லாரி வீட்டின் நோய் இவற்றிலும் இருக்கிறது. ஆனால் கவலைக்குரிய பெரிய மாற்றம் இப்போது நடப்பது. குடிசைகள் கான்கிரீட் வீடுகளாக மாறுகின்றன. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 2024 முதல் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. பிரதமர் வீட்டுத் திட்டமும் நடக்கிறது. மழையிலும் தீயிலும் தவித்த குடும்பங்களுக்கு இது பெரும் விடுதலை. அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. அதே வேளையில், தலைக்கு மேலே எடை குறைந்த ஓலை இருந்த இடத்தில் டன் கணக்கில் கான்கிரீட் ஏறுகிறது. அந்த எடையைத் தாங்கும் சுவர் மேலிருந்து கீழ் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும்; பக்கவாட்டு உலுக்கலுக்கு அது ஆயத்தமாக இல்லை.

ஆயத்தமாக்கும் வழி எளியது, விலையும் குறைவு. கதவு, சன்னல் தலைக்கு மேலே லிண்டலைத் துண்டு துண்டாகப் போடாமல், எல்லாச் சுவர்களிலும் முறியாமல் சுற்றிவரும் ஒரே கான்கிரீட் பட்டையாகப் போட வேண்டும். 75 மி.மீ. உயரம், உள்ளே இரண்டு கம்பிகளாவது, மூலையில் கம்பி வளைந்து அடுத்த சுவருக்குள் நீண்டு செல்ல வேண்டும். நான்கு சுவர்களையும் இந்தப் பட்டை ஒரு பெட்டியாகக் கட்டிப்போடுகிறது. ஒரு சுவர் சாயப் பார்த்தால் மற்ற மூன்றும் பிடித்துக்கொள்ளும். அடித்தளத்தில் பிளிந்த் பட்டையும், மூலைகளில் அடியிலிருந்து கூரை வரை ஒரு செங்குத்துக் கம்பியும் சேர்ந்தால் இன்னும் நல்லது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 4326, ஐ.எஸ். 13828 விதிகளில் இவற்றை 1993-லேயே எழுதிவைத்துவிட்டது. தூண் வைத்துக் கட்டும் வீட்டில் பார்க்க வேண்டியது ரிங். தூணின் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் முனையைக் கம்பி கட்டுபவர் பெரும்பாலும் செங்கோணமாக மடக்கி விட்டுவிடுவார். உலுக்கலில் மேற்பூச்சு உதிர்ந்ததும் அந்த மடக்கு திறந்துகொள்ளும், நீளக் கம்பிகள் பிதுங்கும், தூண் நொறுங்கும். முனையை 135 பாகைக்கு, அதாவது தூணின் உள்வயிற்றை நோக்கி, மடக்கினால் திறக்காது. செலவு கூடுதலாக ஒரு விரல் நீளக் கம்பி. நகரத்தில் கீழ்த்தளம் முழுவதையும் வண்டி நிறுத்தவும் கடைக்கும் திறந்துவிட்டு, மேலே சுவர் நிறைந்த தளங்களை ஏற்றும் கட்டடங்களின் பலவீனமும் இதே தூண்களில்தான். அகமதாபாத்தில் சரிந்தவற்றுள் பல அந்த வகையைச் சேர்ந்தவை.

நிலநடுக்கத்தின் நாளையும் நேரத்தையும் முன்கூட்டிச் சொல்லும் அறிவியல் உலகில் எங்கும் இல்லை. அப்படிச் சொல்லும் எந்தக் கைபேசித் தகவலையும் நம்ப வேண்டியதில்லை. அதிரும்போது உள்ளே இருப்பவர் உறுதியான மேசைக்கு அடியில் தலையைக் காத்துக்கொள்வதும், வெளியே இருப்பவர் சுவர், மின்கம்பம், கைப்பிடிச் சுவர்களை விட்டு விலகி நிற்பதும், நின்றபின் எரிவாயு உருளையை மூடுவதும் போதும். படிக்கட்டில் முண்டியடிப்பதால் வரும் காயங்கள் சிறு அதிர்வுகளிலும் நேர்கின்றன.

அரசு செய்ய வேண்டிய ஒன்று உடனே செய்யத்தக்கது. வீட்டுத் திட்டங்களில் பணம் கட்டுமானத்தின் நிலைக்கேற்பத் தவணையாகவே விடுவிக்கப்படுகிறது. லிண்டல் மட்டத் தவணைக்கு முன், பட்டை முறியாமல் சுற்றிவந்திருக்கிறதா, மூலைக் கம்பி வளைந்திருக்கிறதா என்று ஒன்றியப் பொறியாளர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும் என்ற ஒரு வரி ஆணை போதும். பள்ளிகள், அங்கன்வாடிகள், ஆரம்ப சுகாதார நிலையங்களில் பழைய கல் சுவர்க் கட்டடங்களைக் கணக்கெடுத்துப் பட்டை கட்டுவதற்கு மாவட்ட நிர்வாகம் முன்னுரிமை தர வேண்டும். சொந்தப் பணத்தில் கட்டுபவர்கள், லிண்டல் போடும் நாளில் வேலை இடத்தில் இருந்து, பட்டை எல்லாச் சுவர்களிலும் ஓடுகிறதா என்று மேஸ்திரியைக் கேட்டுப் பார்த்துவிட்டு அடுத்த வரிசைக் கல்லை வைக்கச் சொல்ல வேண்டும்.